கிடங்கில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை

அந்தத் தணிக்கை நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பெயர் கிடையாது, வருஷம்தான் உண்டு. "முதல் வருஷம் ரெண்டை அனுப்பி வை", "அந்த ரெண்டாம் வருஷம் எங்க போய்த் தொலைஞ்சுது?" என்று அஃறிணையில்தான் விசாரிப்பார்கள். மூன்று வருஷமும் முடிந்து, பார்ட்னர் கையெழுத்துப் போட்டு, கடைசித் தேர்விலும் தேறிய பிறகு பெயர் திரும்பக் கிடைக்கும். அதற்குள் பலருக்கு அது மறந்துபோயிருக்கும்.

இங்கே சொல்லப்போவது ஒரு மூன்றாம் வருஷத்தைப் பற்றி. வீட்டிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. தங்கை சின்னவள் ஆனதால் இவள் பெரியவள். அப்பா லிப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களை மேலே ஏற்றி அனுப்பியவர் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இடுப்பு எலும்பு முறிந்து வேலையை விட்ட பிறகு அவர் படியிறங்குவதே அபூர்வம். இறங்கும் நாளில் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, எதிர்ப்படுகிறவர்களிடம் தன் புதிய உத்தியோகத்தை அறிவிப்பார்: "ஆடிட்டரோட அப்பா." அம்மா ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுபவர். பேச்சு குறைவு. அமிலம் பட்ட விரல்களைச் சேலை முந்தானையில் மறைத்துக்கொண்டு, மகள் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதோடு தன் பங்கு முடிந்தது என்று இருப்பவர்.

"அக்கா, ஆடிட்டர்னா என்ன பண்ணுவாங்க?" என்று சின்னவள் ஒரு நாள் கேட்டாள்.

"கம்பெனி சொல்றது நெஜமான்னு பார்ப்போம்."

"பொய்னா?"

"எழுதுவோம்."

"சம்பளம் யாரு தருவாங்க?"

"அந்தக் கம்பெனிதான்."

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பன்னிரண்டு வயதுக்கு உடனே விளங்கிய அந்த முரண்பாட்டை விளங்காமல் ஆக்குவதற்குத்தான் மூன்று வருஷப் பயிற்சி தேவைப்படுகிறது.

தணிக்கை என்றால் கணக்குப் போடுவது என்று வெளியே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கட்டுரை எழுதுவது. இன்னாரைச் சந்தித்தோம், இன்னதைக் கேட்டோம், இன்னபடி சொன்னார், எங்களுக்குத் திருப்தி. ஒவ்வொரு கம்பெனிக்கும் இப்படி நூற்றுக்கணக்கான தாள்கள். அவற்றை எழுத அந்த நிறுவனத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரே வழிதான்: போன வருஷத்துத் தாளைத் திறந்து, வருஷத்தை மாற்றி, மூடுவது. புதிதாக வந்தவர்கள் என்ன சந்தேகம் கேட்டாலும் கிடைக்கும் பதில், "போன வருஷம் பாரு." வேதவாக்கு அது. போன வருஷத்துக்கு அதற்கு முந்தைய வருஷம் ஆதாரம். இப்படியே பின்னால் போனால் எங்கோ ஒருவர் உண்மையிலேயே எழுந்து போய் எதையோ பார்த்திருக்கத்தான் வேண்டும்.

தரைக்கு டைல்ஸ் செய்யும் ஒரு தரையோட்டுக் கம்பெனியின் கிடங்கைப் பொறுத்தவரை அப்படிப் பார்த்த ஆள் பெரியவளேதான். இரண்டாம் வருஷமாக இருந்தபோது அவள் ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தகரக் கொட்டகைக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். கிடங்குக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். தூசி படிந்த புருவம். பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவளுக்கு ஒரு தலைக்கவசத்தை மாட்டிவிட்டார். அது மூக்குவரை இறங்கியது.

"கண்ணைக் கட்டிட்டு ஆடிட் பண்ணப் போறீங்களாம்மா?" என்று சிரித்தார்.

அவள் கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். சாவி யாரிடம் இருக்கிறது, உடைந்த ஓடுகளை எங்கே வைக்கிறார்கள், அடுக்கும் முறையில் மாற்றம் உண்டா, கடந்த ஓராண்டில் கிடங்கில் குறிப்பிடும்படியான சம்பவம் எதுவும் நடந்ததா.

"இங்கயா? ஒரு பூனை குட்டி போட்டுச்சு. அதை எழுதிக்கிறீங்களா?"

அவள் எழுதிக்கொள்ளவில்லை. 'கிடங்கில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை என்று கிடங்குப் பொறுப்பாளர் தெரிவித்தார்' என்று எழுதி, அவர் பெயரைப் போட்டாள். அத்தனையும் உண்மை. பூனையைத் தவிர.

அடுத்த வருஷம் அதே வேலை மறுபடி அவளுக்கே வந்தது. கிடங்குக்குக் கிளம்ப இருந்த காலையில் மேனேஜர் அம்மாள் அவளைக் கைகாட்டி நிறுத்தினார். காதில் ஒரு போன், கையில் ஒரு போன். எந்தப் போனிலும் பேசாமல் இவளிடம் பேசினார்.

"நீ எங்க கிளம்பிட்ட? சோப்புக் கம்பெனியில ஆள் இல்ல. அங்க போ."

"மேடம், கிடங்கு பாக்கி இருக்கு."

"தரையோடு எங்க ஓடிடப் போகுது? போன வருஷம் நீதானே போன? அதையே பார்த்து எழுதிடு. ஒண்ணும் மாறியிருக்காது."

சோப்புக் கம்பெனியில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு மூலை. அங்கே உட்கார்ந்து பெரியவள் தன்னுடைய தாளைத் தானே திறந்தாள், வருஷத்தை மாற்றினாள், மூடினாள். அதே வாக்கியம். முன்பு உண்மையாக இருந்தது. இப்போது ஓர் எழுத்துகூட மாறாமல் பொய்யாகிவிட்டது. தாளைச் சீனியர் படித்ததாகக் கையெழுத்திட்டார். அதன்மேல் மேனேஜர் படித்ததாகக் கையெழுத்திட்டார். அதன்மேல் பார்ட்னர். கோப்பு பூட்டப்பட்டது. பூட்டிய கோப்பில் எதையும் திருத்த முடியாது என்பது சட்டம். தேதி போட்டு ஒரு விளக்கக் குறிப்பை வேண்டுமானால் சேர்க்கலாம்.

பயிற்சி முடியச் சில வாரங்களே இருந்தபோது, தணிக்கை செய்பவர்களையே தணிக்கை செய்யும் மேலதிகாரிகள் வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் கேட்கக்கூடிய கோப்புகளின் பட்டியலில் தரையோட்டுக் கம்பெனியும் இருந்தது. மேனேஜர் அம்மாளுக்கு முன்யோசனை அதிகம்.

"கிடங்குக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடு. அந்த ஆளைப் பார்த்து நாலு வார்த்தை பேசு. நாளைக்கு அவங்க எதாவது கேட்டா முழிக்கக் கூடாது."

நடந்த சந்திப்பை எழுதி வைப்பதுதான் உலக வழக்கம். எழுதி வைத்த சந்திப்பை நடத்தி வைக்கப் பெரியவள் மறுபடி இரண்டு பஸ் மாறினாள்.

கிடங்கு வாசலில் ஒரு மேசை போட்டு, வரும் லாரிகளின் எண்ணை எழுதிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. பெரியவள் கிடங்குக்காரரின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டாள்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தவில்லை. "நீங்க யாரு?"

"ஆடிட் ஆபீஸ்லேருந்து வரேன், அக்கா."

"அவர் செத்துட்டாரும்மா. போன வருஷம் மழைக்கு முன்னாடி. அதோ, அந்த மூணாவது வரிசைல அடுக்கு சரிஞ்சு அப்படியே மேல விழுந்துடுச்சு." இப்போதுதான் நிமிர்ந்தார். "நான் அவர் வீட்டுக்காரி. எனக்கு இந்த வேலையைக் குடுத்திருக்காங்க."

போன வருஷம் மழைக்கு முன்னால். பெரியவள் தாளில் போட்ட தேதி மழை விட்டு வெகுநாளான பிறகு. தன் மேல் கூரை உயரத்திலிருந்து சரிந்த அடுக்கைப் பற்றிச் செத்தவரே அவளிடம், குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிவித்திருந்தார். கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவள் வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாள். அங்கே யாரும் இதைச் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அவளும் கேட்கவில்லை.

சீனியரிடம் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். அந்த நிறுவனத்தில் பயம் எப்போதும் முதலில் சிரிப்பாகத்தான் வரும்.

"இந்த ஆபீஸ்ல உயிரோட இருக்கறவங்களே நம்மகிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. நீ செத்தவர்கிட்டயே பேட்டி எடுத்திருக்க!"

"அண்ணா, நீங்களும் அதைப் படிச்சுட்டு..."

"படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். படிச்சிருந்தா போட்டிருப்பேனா?"

மேனேஜர் அம்மாள் சிரிக்கவில்லை. போக வேண்டாம் என்று தான் சொன்னதாக எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு அவள்மேல் பழைய பிரியம் திரும்பியது. கையோடு பார்ட்னரிடம் அழைத்துப் போனார்.

பார்ட்னர் குரலை உயர்த்தாதவர். மூன்றாம் வருஷங்களைக்கூட உட்காரச் சொல்வார். அவருடைய மேசையின் ஓரத்தில் அந்த வருஷம் பயிற்சி முடிப்பவர்களின் சான்றிதழ்கள் கையெழுத்துக்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மூன்று வருஷமும் நடக்காததற்குச் சமம். கடைசித் தேர்வு எழுத முடியாது. வேறு எங்காவது முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரியவளின் கண் அந்த அடுக்கிலேயே இருந்ததை அவரும் பார்த்தார்.

"பதறாதம்மா. நீ பேசினது வாஸ்தவம். பேர்தான் பழசு நின்னுபோச்சு. அவ்வளவுதானே?"

"சார், நான் போகவே இல்லை."

அவர் அதைக் கேட்காதவர் போல மேனேஜரைப் பார்த்தார். "இப்ப கிடங்குப் பொறுப்பு யாரு?"

"புதுசா யாரையும் போடலை சார். சாவி அந்தம்மாகிட்டதான். அவரோட மனைவி."

"அப்ப நீ பேசினது அவங்ககிட்ட. அவசரத்துல பேரை மாத்தலை. அப்படி ஒரு விளக்கக் குறிப்பு எழுது. அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு. நீயும் தப்பிச்ச, நாங்களும் தப்பிச்சோம்." அடுக்கின் மேல் லேசாகத் தட்டினார். "இதையெல்லாம் அடுத்த வாரம் போட்டு முடிச்சுடலாம்னு இருக்கேன்."

குறிப்பை மேனேஜர் அம்மாளே தயார் செய்தார். கிடங்கின் தற்போதைய பொறுப்பாளராகிய நான், மேற்படி நாளில் தணிக்கையாளரிடம் நேரில் பேசினேன். கடந்த ஓராண்டில் கிடங்கில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிவித்தேன்.

பெரியவளை நல்லவள் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆனால் மறுநாள் அவள் அந்தத் தாளோடு பஸ் ஏறத்தான் செய்தாள். அம்மாவின் விரல்களை நினைத்துக்கொண்டாள், அப்பாவின் புதிய உத்தியோகத்தை நினைத்துக்கொண்டாள். செத்தவருக்கு இனி இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் நினைத்துக்கொண்டாள். தவறு செய்யக் கிளம்பும்போது காரணங்களுக்குப் பஞ்சமே இராது.

கிடங்குக்காரரின் மனைவி அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ போனப்புறந்தான் பளிச்சுனு ஞாபகம் வந்துச்சு. ஒரு பொண்ணு வந்துச்சு, தொப்பி மூக்குல இறங்கிடுச்சு, பூனை கதையை எழுதிக்கலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது நீதானே?"

"ஆமாக்கா."

"நெனைச்சேன். என்ன காகிதம் அது? குடு."

பேனாவை மூடக்கூட இல்லை. லாரி எண் எழுதிக்கொண்டிருந்த அதே பேனாவால், படிக்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். பெரியவள் அதை வாங்கி உறையில் வைத்தாள். நன்றி சொன்னாள். வேலை முடிந்தது. அப்படியே திரும்பியிருந்தால் அவள் இன்று ஆடிட்டர்.

"படிக்காம போட்டுட்டீங்களே, அக்கா?"

"உனக்குத்தானே போட்டேன். வக்கீல் கொண்டாந்தா போடுவேனா? கம்பெனி வக்கீல் மூணு தடவை வந்துட்டான். அடுக்கு சரியவே இல்லையாம், இவருக்கு நெஞ்சுவலி வந்து தானா விழுந்தாராம், அப்படி எழுதி எடுத்துட்டு வரான். நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டிருக்கேன்ல, அதை உடைக்கறதுக்கு. செத்தாலும் போட மாட்டேன்னுட்டேன்." மேசை மேல் இருந்த தூசியை உள்ளங்கையால் ஒதுக்கினார். "இதுல என்ன எழுதியிருக்கு?"

பெரியவள் சொன்னாள். தன் சொந்தச் சொற்களில் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. உறையிலிருந்து எடுத்து அப்படியே படித்தாள்.

அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. ஒரு லாரி வந்து நின்றது. எழுந்து போய் அதன் எண்ணைப் பார்த்து, திரும்பி வந்து எழுதினார்.

"இதால உனக்கு நல்லது நடக்குமா?"

"நடக்கும். எங்க சார் கையெழுத்துப் போடுவாரு. நான் பரீட்சை எழுதலாம்."

"எனக்கு?"

"இது அந்த வக்கீல் கையில கிடைச்சா... உங்க கேஸ் நிக்காதுக்கா."

"கிடைக்குமா?"

"எங்களுக்குச் சம்பளம் தர்றதே உங்க கம்பெனிதான்."

"அப்ப என்னை எதுக்குப் பார்க்கற? காகிதம் உன் கையிலதானே இருக்கு?"

பெரியவள் பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். பஸ் வந்தது. ஏறவில்லை. கிடங்குக்குத் திரும்பி வந்து, உறையோடு தாளை மேசை மேல் வைத்தாள். தாளைக் கிழித்துக் காற்றில் பறக்கவிடும் வீரம் அவளிடம் இல்லை. எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட கை. "யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்றாள். அந்தப் பெண் தலையாட்டினார். நல்ல பெண் என்றோ நன்றாயிரு என்றோ சொல்லவில்லை. சொல்லும்படி என்ன நடந்துவிட்டது?

அலுவலகம் திரும்பி அவளே ஒரு விளக்கக் குறிப்பு எழுதினாள். 'அன்று நான் கிடங்குக்குச் செல்லவில்லை. எவருடனும் பேசவில்லை. தாளில் பெயர் குறிப்பிட்டுள்ளவர் அதற்கு முன்பே அந்தக் கிடங்கில் அடுக்கு சரிந்து இறந்துவிட்டார்.' கீழே கையெழுத்து, தேதி. மூன்று வருஷத்தில் முன்மாதிரி எதையும் பார்க்காமல் அவள் எழுதியது அது ஒன்றுதான்.

பார்ட்னர் அதை இரண்டு முறை படித்தார். "தெளிவா எழுதியிருக்கம்மா" என்று சொல்லி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கோப்பில் சேர்க்கவில்லை.

மேலதிகாரிகள் வந்தார்கள். அலுவலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சோப்புக் கம்பெனியின் கோப்பைக் கேட்டு வாங்கி, பக்கங்களில் எண் சரியாகப் போடவில்லை என்று குறை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். தரையோட்டுக் கம்பெனியின் கோப்பை யாரும் தொடவில்லை. அந்தக் கோப்புக்குள் கிடங்குக்காரர் இன்னும் உயிரோடு, நலமாக, எதுவும் நடக்காத கிடங்கில் பொறுப்பாளராக இருந்தார். "உன் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். வேலியில போனதை எடுத்து..." என்று சீனியர் பழமொழியைப் பாதியில் விட்டார். மீதி அவளுக்கே தெரியும். அவளும் ஒரு நாள் முழுக்கத் தப்பித்துவிட்டதாகத்தான் நம்பினாள்.

மறுநாள் சான்றிதழ்கள் வந்தன. அவளுடையது இல்லை. பார்ட்னரின் அறைக்குப் போனாள். அவர் உட்காரச் சொன்னார்.

"இதுல என்ன வாசகம் தெரியுமாம்மா? 'பயிற்சிக் காலம் முழுவதும் நேர்மையுடன் பணிபுரிந்தார் என்று உறுதி கூறுகிறேன்.' இதுல நான் கையெழுத்துப் போடணும்." இழுப்பறையைத் திறந்து அவள் எழுதிய குறிப்பை எடுத்து மேசை மேல் வைத்தார். "போகாத இடத்துக்குப் போனதா எழுதினேன்னு நீயே உன் கைப்பட எழுதிக் குடுத்திருக்க. தெரிஞ்சே நான் எப்படிப் பொய்க் கையெழுத்துப் போடுவேன்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த அலுவலகத்தில் யாரும் அப்படி முழு உண்மை பேசி அவள் அதுவரை கேட்டதில்லை. மடிக்கணினியை ஒப்படைத்தாள். அதை வாங்கிக்கொண்ட முதல் வருஷம் ஒன்று, சார்ஜர் எங்கே என்று கேட்டது. அதையும் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் அப்பா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவள் சிரிக்கக் காரணம் தேடி, கிடைக்காமல், உள்ளே போய்விட்டாள்.

"நீ அங்க அழுதியா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"அழுதிருக்கணும். ஆம்பளை மனசு, இளகியிருக்கும். போட்டுக் குடுத்திருப்பாரு."

"அவர் போட மாட்டாருப்பா."

"ஊர்ல எல்லாரும் யோக்கியமா? நீ ஒருத்தி மட்டும் எதுக்கு யோக்கியம் ஆனே?"

"நான் யோக்கியம் இல்லப்பா. மொதப் பொய்யை எழுதினதே நான்தான்."

"அப்ப ரெண்டாவதையும் எழுதிட்டுப் போகவேண்டியதுதானே!"

அம்மா குறுக்கே வந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த தெருவில் ஒரு சின்ன ஆடிட்டர் இருக்கிறார், ஆள் தேடுகிறார் என்று கேள்வி, திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன் என்றார். எத்தனை வருஷம் ஆகும் என்று அப்பா கேட்டார். மூன்று என்றாள் மகள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் இறங்கினார்.

"அந்தம்மா கேஸ் ஜெயிக்குமா?"

"தெரியாதுப்பா. வருஷக்கணக்கா இழுப்பாங்க."

"ஜெயிக்கலைன்னா?"

அதற்கும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் விடவில்லை. காலையில் கேட்டார், அவள் வெளியே போய் வந்ததும் கேட்டார். அந்தம்மாள் ஜெயித்துவிட்டால் மகளின் மூன்று வருஷமும் திரும்பி வந்துவிடும் என்பது போல, அந்த வாரம் முழுவதும் அதை ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.